கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

மகன் ஷிஃபானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் அல்லாஹ் உன்னை உயிரோடும் ஈமானோடும் வைத்திருக்கட்டும்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் தங்கச்சி நதா கண்டி ஆஸ்பத்திரியில் கண் வாட்டில் கிடக்கிறாள். உம்மா பாயில் உட்கார்ந்தால் எழும்புவதில்லை, எழும்பினால் உட்காருவதில்லை. உன் போன் பத்து நாளாக வேலை செய்யவில்லை. நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று உன் ஹொஸ்டல் கூட்டாளி கிறிஸ்டியனுக்குத் தெரியும். எவ்வளவு கேட்டும் அவன் சொல்லவில்லை. கடிதம் தந்தால் கொண்டுபோய்க் கொடுப்பேன், அது மட்டும்தான் என்றான். அதனால்தான் இந்தக் காலத்தில் பேனையும் தாளும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். அவனுடைய முகத்தைப் பார்த்திருப்பாய். அது எப்படி அப்படி ஆனது என்று அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த நாளைச் சொல்கிறேன். மாத்தளை டவுனில் நதா தாதிப் படிப்புப் படிக்கிற அந்தத் தனியார் கெம்பசுக்கு முன்னால், அங்கே படிக்கிறவர்களுக்கு அரசாங்கம் கடன் கொடுக்கக் கூடாது என்று உங்கள் ஊர்வலம் வந்து நின்றபோது மணி பதினொன்று இருக்குமாம். நீங்கள் கேட்டைத் தள்ளினீர்கள், பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, அதற்குப் பிறகு கல் பறந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். கல் போய் விழுந்த இடம்தான் உனக்குத் தெரியாது. கீழ்மாடி ஆபீஸில் கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. காவலாளிக்கு நெற்றி பிளந்தது. நதாவின் வலது கண்ணுக்குள் கண்ணாடி போயிருந்தது. நான் போய்ச் சேரும்போது முக்காடு முழுக்க இரத்தம் ஊறி, பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. அவளுடைய கையில் அரசாங்கக் கடனுக்கான இந்த வருஷத்துப் படிவம். இரத்தத்தில் ஒட்டிப்போன அந்தத் தாளை விரலை ஒவ்வொன்றாக விரித்துத்தான் எடுத்தார்கள்.

பெருநாளன்று சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? ஏழைகளின் காசை எடுத்துத் தனியார் முதலாளியின் பெட்டியில் போடுகிறார்கள், இன்றைக்கு அங்கே கொடுத்தால் நாளைக்கு எங்கள் பல்கலைக்கழகத்தை மூடுவார்கள் என்றாய். மைக்குக்கு முன்னால் நிற்கிறவன் மாதிரி பேசினாய். நதா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, பெருநாள் நாளில் ஏச்சு வேண்டாம் என்று விட்டேன். இப்போது சொல்கிறேன், கேள்.

நீ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, கோட்டுப் போட்ட ஒருவனின் படத்தை ஒட்டி, கெம்பஸ் என்று பெயர் வைக்கிற ஆட்களை எனக்கும் தெரியும். மிளகில் பப்பாசி விதை கலக்கிறவனையும் எனக்குத் தெரியும். அதற்காக மாத்தளையில் யாரும் மிளகே வாங்கக் கூடாது என்று சொல்வேனா? தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதக்கிறதை வீசிவிட்டுத் தாழ்கிறதை வாங்குவேன். அரசாங்கமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அதற்காகக் கத்து, நானும் வந்து உன்னோடு கத்துகிறேன்.

ஆனால் நதா எங்கே போவாள் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? உயர்தரத்தில் மூன்று பாடமும் பாஸ். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு இம்மி குறைந்தது, அவ்வளவுதான். நீ இம்மி கூட வாங்கினாய், உள்ளே போனாய். சீனியில், சவர்க்காரத்தில், மண்ணெண்ணெயில் நான் கட்டுகிற வரியில்தான் உன் ஹொஸ்டலில் லைட் எரிகிறது. அது உனக்கு உரிமை. அதே வரியில் ஒரு பிடி உன் தங்கச்சிக்குப் போனால் மட்டும் கொள்ளையா? வட்டிக்கு எடுத்துப் படிப்பிக்க மாட்டேன், ஹராமான காசில் படித்த கையால் என் மகள் நோயாளியைத் தொட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு வருஷம் வீட்டில் கராம்புக் காம்பு நுள்ளிக்கொண்டு இருந்தாள். அரசாங்கம் வட்டியில்லாமல் கொடுக்கிறது என்று தெரிந்த நாள் அவள் சிரித்த சிரிப்பை உம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். அரசாங்கத்திடம் அவளுக்கு ஒரு கதிரை இல்லை. வேறு இடத்தில் கதிரை இருக்கிறது, அதில் உட்காரக் கை கொடுக்கிறது. இதில் யாருடைய வயிற்றில் அடித்தாள் அவள்?

இதையெல்லாம் அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் பிழை. இனி என் பெரிய பிழையைக் கேள்.

அடுத்த நாளே வீடியோ எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. முகத்தில் கைலேஞ்சி கட்டினவன், கறுப்பில் மஞ்சள் கோடு போட்ட சேர்ட், ஓடி வந்து எறிகிறான், கண்ணாடி சரிகிறது. நானும் உன் பெரியப்பாவின் மகன் பஸ்லியும் அதை இருபது தடவை பார்த்திருப்போம். சேர்ட்டைத்தான் பார்த்தோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில், அதே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையில் நதாவின் பைலோடு ஒரு பொடியன் நிற்கிறான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை மகன். கேட்டிருக்கலாம். கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இருந்தது. முதல் அடி வாயில் விழுந்தது. விழுந்தவனை பஸ்லி காலால் மிதித்தான். நான் அவனுடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கித் தூக்கி அடித்தேன். பல்லு இரண்டு தார் ரோட்டில் கிடந்ததை என் கண்ணால் கண்டேன், கண்ட பிறகும் அடித்தேன். உண்மையை எழுதுகிறேன், அந்த நேரம் எனக்கு அது இனிப்பாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில், ஐந்து நேரம் தொழுகிறவனுக்கு. நான் இல்லை அங்கிள் என்று ஒரு தடவை மட்டும் சொன்னான். யார் என்று அவன் சொல்லவில்லை. கூடப் படிக்கிற பெட்சில் ஒருத்தனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் இடத்தில் முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றுவார்களாமே, அதைப் பல்லோடு சேர்த்து விழுங்கிவிட்டுக் கிடந்தான்.

மேலே போய் நதாவிடம், உனக்குக் கல் எறிந்தவனைக் கொன்று போட்டிருப்பேன், ஆட்கள் பிடித்ததால் விட்டேன் என்று வீரம் பேசினேன். எந்தப் பொடியன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கண்ணோடு எழும்பி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, என்னைத் தூக்கிட்டு வந்ததே அவர்தான். அவர் வலது கைக்காரர் வாப்பா."

சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் படியில் உட்கார்ந்து வீடியோவைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை சேர்ட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன்.

அந்தக் கையை எனக்குத் தெரியாதா? உனக்கு ஐந்து வயதில் பீங்கானுக்கு இடது கை போகிற நேரமெல்லாம் அகப்பைக் காம்பால் அடித்தேன். இடது கையால் சாப்பிடுவது ஷைத்தானின் பழக்கம் என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். ஒரு நாள் விரல் வீங்கி, நீ மூன்று நாள் எந்தக் கையாலும் சாப்பிடவில்லை, உம்மாதான் ஊட்டினாள். சாப்பாடு வலது கைக்கு வந்தது. எழுத்தும் வந்தது. பந்து எறிவது மட்டும் மாறவில்லை, விளையாட்டுத்தானே என்று விட்டேன். வீடியோவில் அதே ஓட்டம், அதே தோள், அதே இடது கை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலவாங்கால் உன் அறைக் கதவை உடைத்தேன். திறந்துதான் இருந்தது, ஆனாலும் உடைத்தேன். உன் புத்தகங்களை முற்றத்தில் குவித்தேன். உம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நீ அந்த நேரம் வீட்டில் இருந்திருந்தால் இரண்டில் ஒரு மையத்து விழுந்திருக்கும். நீ ஒளிந்துகொண்டது நல்லது என்று இன்றைக்குத்தான் நினைக்கிறேன்.

பிறகு பஸ்லியையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்டியனின் வீட்டுக்குப் போனேன். இறத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் அவனுடைய அப்பா சிறில் தேயிலை பெக்டரியில் வேலை. அந்த மனிசன் என்னை வெட்டினாலும் நிற்பது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். அவர் கதவைத் திறந்தார், என் கையைப் பார்த்தார், கதிரையை இழுத்துப் போட்டார். கிறிஸ்டியன் மூலையில் உட்கார்ந்து கஞ்சியை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அப்போதுதான் சிறில் சொன்னார், அந்த சேர்ட் கொழும்பில் இருக்கிற அவருடைய தங்கச்சி வாங்கி அனுப்பியதாம். ஹொஸ்டலில் உடுப்புக்குச் சொந்தக்காரன் கிடையாதாமே. ஊர்வலத்துக்கு நீ போட்டுக்கொண்டு போனாய், கட்டிலில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாய், அவன் தன்னுடையதுதானே என்று துவைத்துப் போட்டுக்கொண்டு என் மகளைப் பார்க்க வந்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு சிறில், "எங்க ரொஷானியும் அந்தக் கடனுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கா மொதலாளி. இந்தக் கலவரத்தால அத நிப்பாட்டிருவாங்களா?" என்று கேட்டார். மகனின் பல்லை உடைத்தவனிடம் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்கிறார். நிறுத்தப் போவதாகத்தான் டவுனில் பேச்சு. உங்கள் பக்கம் வென்றுவிடும்போல இருக்கிறது மகன். வந்து அந்தத் தோட்டத்து வீட்டில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போ.

இனித்தான் முக்கியமான விஷயம். பொலிஸ் நதாவிடம் வாக்குமூலம் எடுக்க இரண்டு தடவை வந்தது. யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் சேர்ட் யாருடையது என்று விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கிறிஸ்டியனை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் போவானாம், போய் வாயைத் திறக்க மாட்டானாம். உன் பெயரை நான் கொடுத்திருக்கலாம். இரண்டு தடவை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நீயாக வந்து சொன்னால் ஒரு மாதிரி, நான் பிடித்துக் கொடுத்தால் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை விடியும்வரை பொறுப்பேன். அதற்கு மேல் இன்னொருத்தனின் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு என்னால் ஜும்ஆத் தொழுகைக்கு நிற்க முடியாது.

வந்தால் தனியாகப் போக விடமாட்டேன். நானும் வருவேன். கிறிஸ்டியனை அடித்ததை நானும் எழுதிக் கொடுப்பேன். வாப்பாவும் மகனும் ஒரே பெஞ்சில் உட்காருவோம்.

நதா எப்படிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள் என்று நீ யோசிப்பாய். பெண்பிள்ளைகளை எல்லாம் பின் அறைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். நேற்றுத்தான் உம்மாவிடம் சொன்னாளாம். கூட்டத்தில் ஒருவன் நடக்கிற நடையைக் கண்டு, அது தன் நாநா நீதான் என்று தெரிந்து, கை காட்டத்தான் முன்னால் வந்தாளாம். நான் போய் அந்த ரோட்டில் நின்று உடையாமல் மிச்சம் இருக்கிற கண்ணாடியைப் பார்த்தேன். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, தன் முகம்தான் தெரியும். அதனால் நீ தெரிந்துகொண்டு எறிந்தாய் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் கட்டு அவிழ்ப்பார்கள். வெளிச்சம் மட்டும் தெரிந்தால் பெரிய விஷயம் என்று டொக்டர் சொன்னார். அவள் பாடக் குறிப்பை உம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். நீ வருவாயா என்று கேட்கவில்லை. கதவு சத்தம் கேட்டால் மட்டும் தலை திரும்புகிறது.

மகன், உன்னை அடிக்க மாட்டேன். அந்தக் கையை அடித்தது போதும். அல்லாஹ் உன் காலுக்கு வழியையும் நாவுக்கு உண்மையையும் தரட்டும். வியாழக்கிழமை வா. வந்தால் அவளுக்கு இடது பக்கமாக வந்து நில். அந்தப் பக்கம் நின்றால்தான் அவளுக்கு உன்னைத் தெரியும்.

உன் வாப்பா,
ஜவாஹிர்