துவக்கில் வெட்டியிருந்த கடைசி ஆண்டு

எங்கே இருந்தாலும், என் அன்பான அப்பாவுக்கு,

வயலில் பன்றி கலைக்க வைத்திருந்தீர்களே, அந்தத் துவக்கு, உங்கள் பழைய துப்பாக்கி, அகப்பட்டுவிட்டது. எங்கள் புதுக்குடியிருப்பு வீட்டு வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது, நீங்கள் காணாத உங்கள் மருமகனின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அவரே பொலிசுக்கு அறிவித்தார். அறிவித்தவரையே கொண்டுபோய்விட்டார்கள். முன்பு இயக்கத்தில் இருந்து, தடுப்பில் புனர்வாழ்வு பெற்று வந்தவர் அல்லவா, போர்க்காலத்தில் அவர்தான் புதைத்திருப்பார் என்று சந்தேகம். சைக்கிள் சத்தம் கேட்டாலே மகள் படலைக்கு ஓடுகிறாள்.

பொலிஸ் வருமுன் குழலைத் துடைத்துப் படம் எடுத்திருந்தேன். கீழ்ப்பிடியை இழுத்தால் அடுத்த வெடி தானாக ஏறுமே, அந்தப் பொறிக்குக் கிடைத்த காப்புரிமை ஆண்டுகள் மூன்று அதில் வெட்டியிருந்தன. முதல் ஆண்டைக் காட்டி, "இதுதான் இது பிறந்த வருசம்" என்பீர்கள். பிழை அப்பா. அவை காப்புரிமை பதிந்த ஆண்டுகள். கடைசி ஆண்டுக்கு முன் இந்தத் துவக்கு பிறந்திருக்க முடியாது. பின்னர் எப்போது என்று அது சொல்லாது. பிந்திய திருத்தம் எதுவும் வெட்டியில்லாததால், நூறு வருடப் பழசு என்று நம்பலாம்.

இது போராயுதம் இல்லை, பழைய பன்றித் துவக்கு என்று காட்டப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஓம் தங்கச்சி, கிழட்டுத் துவக்குத்தான். கிழடெண்டால் வெடிக்காதோ? செய்தவனையோ நான் தேடுறன்? மண்ணுக்குள்ள தாட்டவனை."

"அப்பா தாட்டவர். நான் பக்கத்தில நிண்டனான்."

"அவர் எங்க?"

"செத்திட்டார்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

"இறப்புச் சான்றிதழ்?"

"இல்லை. காணாமல் போன ஆக்களிலதான் பதிவு."

"அப்ப அவர் வந்து சொல்லுமட்டும் மருமகன் உள்ள இருக்கட்டும்."

காணாமல் போனவர்களைக் கேட்கும் போராட்டப் பந்தலில் உங்கள் படத்தோடு இன்றும் இருக்கும் அம்மாவிடம், உங்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவா படத்தை மடியில் கவிழ்த்து வைத்தா. "புருசனை எடுக்க அப்பனைத் தாட்டுப்போடப் போறியோ?"

"பிள்ளை தேடுதம்மா."

"நானும்தான் தேடுறன்."



அந்தக் கடைசி ஆண்டைப் போலத்தான் அப்பா, எனக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததும். போர் முடிந்தபோது இராணுவம் உங்களை ஏற்றிய பேருந்து புறப்படும்வரை உயிரோடு இருந்தீர்கள். அதற்குப் பிறகு?

நாளைக்கு இறப்பைப் பதியக் கச்சேரிக்கு, அந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறேன். நீங்கள் இல்லை என்று கையெழுத்து வைப்பேன். ஆனால் ஒன்று சத்தியம். இறந்த திகதி கேட்டால் நானாக ஒரு நாளைச் சொல்லமாட்டேன். பேருந்து போன நாளைச் சொல்லி, "இதுக்குப் பிறகு" என்று மட்டும் சொல்லுவேன்.

பேருந்துக்குள்ளிருந்து நீங்கள் கை காட்டிய
உங்கள் மூத்தவள்