ஒட்டுப்போட்ட திரைச்சீலை

மார்ச் 5

தம்பிக்கு,

உன் மகன் உன் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றான். வேறு கடைக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் அவள் செய்த குற்றம். எதிர் வாசலில் நின்று பார்த்தவள் நான். இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். சர்க்கரை குறைந்திருக்கிறதா?

நேற்று சாட்சி சொன்னேன். கோர்ட்டுக்குப் போகாமல், கணினி முன்னால் உட்கார்ந்து. அதே அறையில்தான் கட்டிலும் போட்டிருக்கிறார்கள். எங்கே என்று எழுத மாட்டேன், கேட்காதே. துணைக்கு ஓர் அலுவலகப் பெண் வருகிறாள். "அம்மா, இந்தக் கேமராவோட கண்ணாடிப் பொட்டைப் பாருங்க, நீதிபதியைப் பார்க்கிற மாதிரி" என்றாள். "பொட்டுக்கா கும்பிடு போடணும்?" என்றேன். சிரித்துவிட்டாள். என் பெயருக்குக் கீழே 'பாதுகாப்பு தேவைப்படும் சாட்சி' என்று எழுதியிருந்தாள். முதல் இரண்டு சொல்லையும் அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை குறுக்கு விசாரணை. உனக்கு எழுதக் கூடாதாம். ஐம்பது வருஷப் பழக்கத்தை இவள் சொல்லியா நிறுத்துவேன்? பதிலைக் கோர்ட் அலுவலகத்தில் கொடு.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரை பரவாயில்லை. கோர்ட்டில் பெரிய திரையில் உன்னைப் பார்த்தேன். இளைத்துவிட்டாய்.

உனக்குப் பின்னால் நீலத் திரைச்சீலை தொங்கியது. அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வேறு நீலம். நர்ஸ் விடுதிக்குப் பன்னிரண்டு தைத்தபோது, துணி பற்றாமல் ஒன்றுக்கு மட்டும் நான் போட்ட ஒட்டு. அதை எந்த ஜன்னலுக்குத் தைத்தேன் என்பது என் அளவு நோட்டில் இருக்கிறது.

பக்கத்தில் அவனும் பார்த்தான். ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறான். நேற்று அந்த நோட்டைக் கேட்டான்.

"எதுக்குடா?"

"அத்தை முகத்துல வெயில் அடிக்குதுப்பா. கனமா ஒண்ணு தைச்சு மாட்டிட்டு வரேன்."

சிரித்தான். நான் கொடுத்துவிட்டேன் அக்கா. ஏன் கொடுத்தேன் என்று இப்போது வரை தெரியவில்லை.

வியாழக்கிழமை உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. பயத்தில் எழுதுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 10

தம்பிக்கு,

நோட்டைக் கொடுத்தது நீ. அதற்குக் காரணம் தெரியவில்லை என்கிறாய். எனக்குத் தெரிகிறது.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. அலுவலகப் பெண்ணிடம் காட்டினேன். படித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வெளிச்சம் கூசுதுன்னு நான்தாம்மா அந்தத் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்" என்றாள். பிறகு வாசல் காவலரைக் கூப்பிட்டுக் கேட்டாள். நேற்று சாயங்காலம் ஒருவன் நாடாவும் கையுமாக வந்தானாம். "திரை அளவெடுக்கணும்" என்றானாம். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த நாளை, இன்று.

அதனால் வளவளவென்று எழுத நேரமில்லை. அலுவலகப் பெண் இன்று சாயங்காலத்துக்குள் என்னை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே எனக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருக்க வேண்டும். காவலர், அவன் வந்தால் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்துப் போலீசைக் கூப்பிட வேண்டும். அரசு வக்கீல் உன் கடிதத்தைக் காட்டி ஜாமீனை ரத்து செய்யக் கேட்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். நீ நீதிபதி முன்னால் நின்று, நோட்டைக் கொடுத்ததை உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை எனக்கு எழுதாதே. உன் மகன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, செய்தது போதும்.

நான் வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடிப் பொட்டுக்கு எதிரே உட்கார வேண்டும்.

சாட்சி