முன்கூட்டியே எழுதி வைத்த தாள்

சிஸ்டர்,

நேற்று ஒரகடம் ஆஸ்பத்திரியில் ஒரு பித்தப்பை ஆபரேஷனை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை, அதற்குள் திரையில் ‘சிக்கல்: ஏதுமில்லை’ என்று இருந்தது. எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் வருமாம், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாமாம். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

தொண்ணூற்றொன்றில் கம்ப்யூட்டர் ஏது? என் பேனாவே அந்த வேலையைச் செய்தது. சுங்குவார்சத்திரத்தில் நான் நடத்திய எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். காலையில் டீ குடிக்கும்போதே ஆறு பேருக்கும் ஆபரேஷன் குறிப்பை எழுதி முடித்துவிடுவேன், ‘சிக்கலின்றி முடிந்தது’ என்பது வரைக்கும். பெயர் மட்டும்தான் மாறும். “இன்னா டாக்டர், பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெக்கிறீங்க” என்று கிண்டல் செய்வீர்கள். நேரம் மிச்சம் என்று நானும் சிரிப்பேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை நாலாவதாக வந்தவள் வல்லம் வடகாலில் நாற்று நடுகிற பெண். இரண்டு குழந்தைக்காரி. வயிற்றைத் திறக்கும்போது கத்தி குடலில் பட்டுவிட்டது. வெட்டு நகத்தின் அளவுகூட இருக்காது. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு அடுக்காகத் தைத்து மூடினேன்.

வெளியே டிராக்டரில் வந்த ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்து ஊரில் ஒரு டாக்டரை அடித்து, அவருடைய கிளினிக்கையும் நொறுக்கியிருந்தார்கள். மாடியில் என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. தையல் நன்றாக விழுந்திருக்கிறது, காய்ச்சல் என்று சொல்லி நாலு நாள் வைத்துக்கொள்ளலாம், சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று சொன்னால் போதும் என்று என் புத்தி ஓடியது. உங்களிடமும் அதையே சொன்னேன். மேசைமேல் அந்தத் தாள் தயாராகவே இருந்தது. புதிதாக ஒரு பொய்கூட எழுத வேண்டியதில்லை.

நீங்கள் கதவிடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தீர்கள்.

“மாமியாக்காரி இட்லித் தூக்கு வெச்சிகினு குந்திகினு கீது பாருங்க. குடுக்காதன்னு வெறுமனே சொன்னா எவ டாக்டர் கேப்பா? எல்லா ஆஸ்பத்திரிலயும் அப்பிடித்தான் சொல்வாங்கன்னு, நீங்க அந்தாண்ட போனதும் ஊட்டிடும். ஏன்னு சொன்னாத்தான் அது கை நிக்கும்.”

“பயமா இருக்கு சிஸ்டர்.”

“எனக்கு மட்டும் பயமில்லியா? நானும் கூட வர்றேன். பயந்துகினே சொல்லுங்க.”

சொன்னேன். கத்தி குடலில் பட்டுவிட்டது, பட்டது என் கையால்தான், தைத்திருக்கிறேன், வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து, காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதானால் நானும் கூட வருகிறேன் என்றேன். புருஷன்காரன் என் சட்டையைப் பிடித்தான். “இன்னாய்யா, கோழியா அறுக்கிற?” நீங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றீர்கள். மாமியார் மட்டும் தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

“வுட்றா. அவரே வந்து சொல்றாரு இல்ல. யோவ் டாக்டரு, நீதான் கிழிச்ச, நீதான் பாக்கணும்.”

உள்ளே வந்து அந்தத் தாளில் குறுக்கே கோடு போட்டு, நடந்ததைக் கீழே எழுதினேன். கண்விழித்ததும் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். நாலு நாள் மாமியார் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி காபியை நீட்டியபோது மாமியார் தட்டிவிட்ட டம்ளர் சுவரில் போய் விழுந்தது. மணிக்கொரு தரம் அந்த வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்காதபோதெல்லாம் செத்துப் பிழைத்தேன். ஐந்தாம் நாள் காலையில்தான் குடல் மறுபடி வேலை செய்கிற சத்தம் கேட்டது. நீங்கள் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தீர்கள்.

இந்தக் கதையைப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் கூட்டங்களில் சொல்லிவிட்டேன். அதிலெல்லாம் நானாகவே யோசித்து, நானாகவே கதவைத் திறந்து போவேன். இட்லித் தூக்கு அதில் கிடையாது. நீங்களும் கிடையாது. ஒருமுறை நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினீர்கள். வெளியே வந்து, “டீ சாப்ட்டீங்களா டாக்டர்?” என்று மட்டும் கேட்டீர்கள். சொல்ல வைத்தது நீங்கள்தான் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் எட்டிப் பார்த்திராவிட்டால் அந்தத் தாளை அப்படியே விட்டிருப்பேன், சிஸ்டர். அந்தப் பெண் அன்று சாயங்காலம் இட்லி தின்றிருப்பாள்.

நேற்று திரையில் இருந்ததை அழித்தேன். பிறகு அதே வார்த்தைகளை நானே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன், பயந்துகொண்டேதான்.