கிளட்ச் பிளேட்டுக்குக் கிரீஸ் தடவிய கதை

இயேசு மரி சூசை துணை

குத்தாலம்
18.9.1996

அன்பு மகள் அனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே லாரியைத் தவிர எல்லோரும் நலம். அந்த வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, நைட் டியூட்டி குறைந்ததா என்று எழுது. லீவு முடிந்து நாளைக்குக் குவைத் திரும்பும் ஜூலியட் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உன் அப்பா ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்துவிட்டு, அடியில் தன் பங்குக்கு நாலு வரி எழுதுவார், நாலும் லாரியைப் பற்றித்தான் இருக்கும்.

போன வாரம் அவரும் உன் அண்ணன் கிளாட்சனும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன்னிடம் பேசினார்களாமே. புது கிளட்ச் போட்டாச்சு, வண்டி குதிரை மாதிரி நிக்குது, நீ இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டீன்னா இன்னொரு வண்டி எடுத்துடலாம் என்றார்களாம், நீயும் யோசிக்கிறேன் என்றாயாம். யோசிப்பதற்கு முன்னால் அந்தக் குதிரையின் லட்சணத்தைக் கேள்.

குறுவை அறுப்பு நேரம், ஊரெல்லாம் லாரிக்கு அலைகிறார்கள், நம்முடையதோ கிளட்ச் தேய்ந்து, பாரம் ஏற்றினால் கத்துமே தவிர நகராது. ஒர்க்‌ஷாப் அப்துல் அஜீஸ் பாய், கொண்டாந்து விடுங்க, மாத்தித் தரேன் என்று சொல்லியனுப்பினார். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருசமா ஓட்டுறேன், ஒரு பிளேட்டு மாத்தத் தெரியாதா எனக்கு என்று வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டார். கூட ஒத்தாசைக்கு ஐ.டி.ஐ. படித்துக் கிழித்த உன் அண்ணன். கியர் பாக்ஸை இறக்கும்போது அடிபடக் கூடாதாம், அடியில் மெத்து மெத்தென்று ஏதாவது வேண்டுமாம், உன் கல்யாணத்துக்கென்று நான் தைத்து வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையை உருவிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார்கள். நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் அதன் மேல் கறுப்பு எண்ணெய் ஒழுகிக்கொண்டு இருக்கிறது. இருவருக்கும் வாயெல்லாம் பல்.

அதோடு விட்டார்களா? புதுப் பிளேட்டை எடுத்து உன் அப்பா அதன் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவுகிறார், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. எதற்கு இது என்று கேட்டேன். உரசுற சாமானுக்கு மசகு போடலன்னா தேயாதா, பழசு அப்படித்தான் தேஞ்சுது, உனக்கென்ன தெரியும் என்கிறார். சின்ன வயதில் மாட்டு வண்டி அச்சுக்கு மசகு போட்ட கை அல்லவா. ஐ.டி.ஐ. மகனாவது தடுத்தானா? இன்னும் கொஞ்சம் வைங்கப்பா என்றான். அன்று ராத்திரிதான் இருவரும் பூத்துக்குப் போய் உன்னிடம் குதிரைக் கதை சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு சீர்காழி மில்லுக்குப் புறப்பட்டார்கள். மாப்பிள்ளை லியோ வீட்டையும் பார்த்துவிட்டு வரலாமே என்று நானும் பட்டுப் புடவை கட்டி, பழம் பூவோடு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் காது கிழியக் கத்துகிறது, வண்டி பின்னால் போகிறது. பின்னாலேயே ஒரு பஸ். உன் அண்ணன் குதித்து இறங்கிக் கல்லைத் தேடுகிறான், உன் அப்பா பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறை. ஒரே கருகல் நாற்றம். அந்த பஸ் கண்டக்டர்தான், நீங்க ஏறுங்கம்மா, லாரி வர்றப்ப வரட்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டு போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள், லாரியில் வராமல் முதலிலேயே பஸ்ஸில் வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

லியோவின் அம்மா அமலி காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள். நிச்சயம் பண்ணி ரெண்டு வருசமாச்சு, லாரி வாங்கணும்னு ஒரு தடவ தள்ளுனீங்க, டயர் போடணும்னு ஒரு தடவ தள்ளுனீங்க, இப்ப மறுபடியும் ரெண்டு வருசம்னா நாங்க வேற எடம் பாக்குறோம் என்றாள். அந்தப் பையன் என்னைப் பஸ் ஏற்ற வந்தபோது, அனிட்டாவுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடச் சொல்லுங்க, நான் அவளத் தப்பா நெனக்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அஜீஸ் பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுக்கு யாரும்மா எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனது என்று கேட்டார். அது இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நகருமாம், வழுக்கினால் எஞ்சின் மட்டும் சும்மா சுற்றுமாம். இதைக் கேட்ட பிறகும் உன் அப்பா, பிளேட்டு டூப்ளிகேட் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்த இரண்டு பேருக்காகத்தான் நீ அங்கே ராப்பகலாகக் கண் விழிக்கிறாய். நினைத்தால் வயிறு எரிகிறது அனிட்டா. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியது போதும், எதிலும் கையெழுத்துப் போடாதே. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, கிளம்பி வா.

நிச்சயத்தன்று நீயும் லியோவும் எழுதிக் கொடுத்த சம்மதம் பங்குச் சாமியாரிடம் இருக்கிறது. நேற்று நான் போய், அக்டோபர் நடுவில் கல்யாணம், பூசையில் கல்யாண ஓலை வாசியுங்கள் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு லியோ வேண்டாமென்றால் ஜூலியட் வந்து சேர்ந்த உடனே பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி என்னிடம் சொல், நிறுத்திவிடுகிறேன். லாரிக்காக வேண்டாமென்றால் போன் பண்ணாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. ஆரோக்கிய மாதா உன்னை ஒரு குறையுமில்லாமல் வீடு கொண்டு வந்து சேர்க்கட்டும். உன் அப்பாவிடமும் அண்ணனிடமும் இதைப் பற்றி மூச்சு விடாதே, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரும் முன்னால்தான் உட்காருவார்கள். ஓலை வாசித்து முடித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார் அல்லவா, அப்போது எழுந்து நின்று ஊர் முன்னால் லாரி என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
சூசையம்மாள்