துணைக்குப் போன இடத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். படித்து முடிக்கும்வரை இதை நினைவில் வைத்துக்கொள்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்காவை, அவர் குரலுக்காக 'ஒலிபெருக்கி' என்போமே, அவர் தவறாமல் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகிறவர். இந்த முறை துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"வந்ததுதான் வந்தே, நீயும் எடுத்துக்கோயேன்."

"எனக்கு வலியே இல்லையே அக்கா!"

"வலி வர்றதுக்கு முன்னாடி பார்க்கத்தானேடி இது!"

அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில்தான் உள்ளே ஓடினேன்.

அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இடது பக்கம் மிளகளவு கட்டி.

"கையில தட்டுப்படறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம். நல்லவேளை வந்தீங்க," என்றார் டாக்டர்.

கட்டியை எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை. நான் கண் விழித்தபோது ஒலிபெருக்கி அக்கா என் கையைப் பிடித்தபடி சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேனோ!

வேலைக்குத் திரும்பிவிட்டேன், இப்போதைக்குத் துணி மடிப்பது மட்டும்தான். கையைத் தூக்கக் கொஞ்சம் சிரமம். முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்தி நைட்டி இரண்டு தைத்து அனுப்பு. இங்கும் கடையில் கிடைக்கும், ஆனாலும் நீ தைத்ததே வேண்டும்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று ஆரம்பிக்காதே. சித்தியையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே பரிசோதனைக்குப் போ.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். பரிசோதனை முடிவை அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. நீயே கூப்பிடு அம்மா, உன் குரலைக் கேட்க வேண்டும்.

உன் மகள்