நட்பு நாடுகளும் அப்பாவின் ஓர்ட்னரும்

மே 4, 2025, ஞாயிறு. எசன், ஜெர்மனி

எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியிடமாக இருக்கலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பரிசாகக் கிடைத்து, பதினொரு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. முதுகலை ஆய்வை ஜெர்மனில் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றி ஜெர்மனில் எழுத வரவில்லை.

கனடாவிலிருந்து கடிதம். கிங்ஸ்டனில் முனைவர் பட்டத்துக்கு இடம், நான்கு வருடம். ஜூன் 6க்குள் பதில் சொல்லவேண்டும்.

பத்து வயதிலிருந்து இந்த வீட்டுக் கடிதங்களை நான்தான் படிக்கிறேன். வரி, வாடகை, அப்பாவின் சீனி வருத்தத்துக்கு டொக்டரிடம் நேரம் குறித்துத் தரும் டெர்மின். எங்கே போனாலும் அப்பா ஒரு பக்கம், உத்தியோகத்தர் மறுபக்கம், நான் நடுவில், மொழிபெயர்த்தபடி. நடுவில் இருப்பவள் எழுந்து போகலாமா?

வாய்விட்டுக் கேட்கப் பயம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். அப்பா இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வது. பதினாறு வரி வந்தது.

மே 7, புதன்

நூலகத்தில் ஆறு மணி நேரம். என் ஆய்வு, நண்பர்களாக இருந்த நாடுகள் ஒன்றுக்கொன்று எதிராக எழுதிவைத்த போர்த் திட்டங்களைப் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கா பிரிட்டனுக்கு எதிராக ஒன்று வைத்திருந்தது. பிரிட்டனைச் சேர்ந்திருந்த கனடாவுக்குள் இறங்குவது, ஹலிஃபக்ஸ் துறைமுகத்தைப் பிடிப்பது, தேவையானால் நச்சு வாயு. கனடாவும் அதற்கு முன்பே ஒன்று எழுதியிருந்தது. அதற்காக ஓர் அதிகாரி சாதாரண உடுப்பில் எல்லை தாண்டிப் போய், பாலங்களைப் பார்த்து, பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த வரைபடங்களை எடுத்து வந்திருக்கிறார்.

பிறகு இரண்டு நாடுகளும் ஒரே பக்கத்தில் நின்று போரிட்டன. திட்டங்கள் பெட்டிக்குள் கிடந்தன.

வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பாலத்தை எண்ணிக்கொண்டு போனவர் வழியில் அந்த ஊர்க்காரரோடு சிரித்துப் பேசியிருப்பார்தானே? அந்தச் சிரிப்பு பொய்யா?

மே 13, செவ்வாய்

அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கனடா அன்ட்ராக்குக்கு, அந்த விண்ணப்பத்துக்கு, பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அப்பா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குப் போயிருந்தார். அலுமாரியில் அவருடைய ஓர்ட்னர்கள், முதுகு தடித்த பதினான்கு கோப்புகள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய நாளிலிருந்து எந்தத் தாளையும் எறியாதவர். கடைசியில் ஒன்று, நான் ஒருபோதும் பார்க்காதது. முதுகில் அவர் கையெழுத்து: "அனு இல்லாட்டி."

அனு நான்தான்.

முதல் தாள், 2019 ஒக்டோபர். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாதம். "பிள்ளை வெளியூர் போறன் எண்டால்" என்று தலைப்பு.

"அம்மாவுக்குக் கால் நோகுது எண்டு சொல்லலாம்."
"ரொறொன்ரோ மாமியைப் பிடிச்சுக் கலியாணம் பேசலாம்."
"ஒண்டும் சொல்லாமல் இருந்தால் பிள்ளை தானே நிண்டிடும்."

மூன்று வரிகளின் மேலும் அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்கோடு. கோடு என்றால் எங்கள் வீட்டில் 'செய்து முடிந்தது' என்று அர்த்தம். நான்தான் பழக்கினேன். ஒரு கடிதத்துக்குப் பதில் போட்டதும், "கோடு போடுங்கோ அப்பா, முடிஞ்சுது." அப்படியென்றால் மூன்றையும் செய்துவிட்டாரா?

கதவில் சாவிச் சத்தம் கேட்டது. மூடி வைத்துவிட்டேன். அம்மா.

மே 14, புதன்

மூன்றாவது வரி உண்மை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் நிற்பேன். அது எப்படி அவருக்குத் தெரியும்?

மே 16, வெள்ளி

பேராசிரியையிடம் கேட்டேன், பகையே இல்லாவிட்டால் ஏன் திட்டம் என்று. "அதற்கு ஆவணம் இல்லை. ஊகத்தை அடிக்குறிப்பில் போடு," என்றார்.

அடிக்குறிப்பில் போட முடியாத ஊகம் வீட்டில் இருக்கிறது. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்குக் கால் நோகுதோ?"

"எனக்கென்ன கால்? நேற்று லிஃப்ட் வேலை செய்யேல்லை எண்டு பத்துக் கிலோ அரிசியோட மூண்டு மாடி ஏறினனான். ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப என்னத்துக்குக் கேக்கிறாய்? முகத்தைப் பார், மூண்டு நாளாச் சாப்பிடாத ஆள் மாதிரி. இந்தா, இதைத் தின்."

அப்படியென்றால் முதல் வரி நடக்கவில்லை. கோடு மட்டும் இருக்கிறது. ஆனால் போன மாதம் ரொறொன்ரோ மாமி "எப்ப பிள்ளை இஞ்ச வாறாய்?" என்று கேட்டாவே? அது வெறும் கேள்வியா? எனக்கு எதுவும் விளங்கவில்லை. அப்பா வேலையால் வந்து வழக்கம்போல என் தட்டில் பெரிய மீன் துண்டை வைத்தார். அதையும் சந்தேகமாகப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

மே 20, செவ்வாய்

ஓர்ட்னரை மறுபடி திறந்தேன். ஒரு தாளை மட்டும் படித்துவிட்டு முடிவெடுத்தவள் நான்! முதல் வருட மாணவி செய்யும் பிழை.

இரண்டாம் தாள், 2022. நான் முதல் பட்டம் வாங்கின கிழமை. "முதல் தாளில எழுதினது பிழை. பிள்ளைக்குச் செய்யக்கூடாது. கோடு போட்டிட்டன்."

அதற்குக் கீழே வேறு பட்டியல். அடுக்குமாடியில் இருக்கும் ஜசிந்தா அக்கா அவசரத்துக்கு டொக்டரிடம் வருவா. கடிதத்தைத் தொலைபேசியால் படம் எடுத்தால் தமிழில் வரும், அவவின் மகன் அபிஷன் காட்டித் தருவான். வரிக்குத் தமிழ்ச் சங்கத்தில் ஆள் இருக்கு. இப்படி ஏழு. ஏழாவதை இன்று எழுத முடியாது.

பின்னால் பத்துப் பதினைந்து தாள்கள். ஜெர்மன் வசனங்கள், தமிழ் எழுத்தில். "இஹ் பின் அலைன. பிட்ட லாங்சாம் ஸ்ப்ரெஹன்." நான் தனிய வந்திருக்கிறேன், தயவுசெய்து மெதுவாகக் கதையுங்கோ. அதையே இருபது தரம், பள்ளிப் பிள்ளை மாதிரி.

மூன்று வருடமாக நான் இல்லாத ஒரு வீட்டுக்குப் பயிற்சி எடுத்திருக்கிறார், நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே. போகச் சொல்கிறாரா? போவேன் என்று பயந்தாரா? இரண்டும் ஒரே தாளில் இருக்க முடியுமா?

மே 23, வெள்ளி

என் பதினாறு வரிகளை எடுத்துப் பார்த்தேன். அதில் வரும் அப்பா கத்துகிறார், கதவை அடிக்கிறார், என்னோடு கதைக்காமல் விடுகிறார். எங்கள் அப்பா ஒருநாளும் கதவை அடித்ததில்லை.

அவர் தன் திட்டத்தில் பிழை கண்டு கோடு போட்டார். என்னுடையதில் ஒரு கோடும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

டொக்டர் டெர்மின். ட்ராமில் பக்கத்தில் இருந்தேன். பதினாறு வரியில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அப்பா, இண்டைக்கு நீங்கள் தனிய உள்ள போறீங்களோ? நான் வெளியில இருக்கிறன்."

அவர் டொக்டரின் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஓர்ட்னரைக் கண்டனியோ?"

"ஓம்."

"எங்க போறாய்?"

"கிங்ஸ்டன். கனடா. நாலு வருசம்."

"கனடாவோ! ஓர்ட்னரில ஒரு தாளிலயும் நான் கனடாவை எழுதேல்லை. இஞ்ச உள்ள முன்ஷன், கூடினால் லண்டன் எண்டுதான் நினைச்சனான்." பிறகு, "குளிர் கூட. சப்பாத்து நல்லதா வாங்கு," என்றார்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தார். நெற்றியில் வியர்வை.

"என்ன சொன்னவை?"

"லாங்சாம் எண்டு ரெண்டு தரம் சொன்னன். அந்த மனிசி கதைச்ச மெதுவுக்கு எனக்கு நித்திரை வந்திட்டுது. சீனி குறைஞ்சிருக்காம். வாழைப்பழம் சாப்பிடலாமாம்."

திரும்பி வரும் ட்ராமில் அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அரைப் பழம் என்று இருந்தது.

"அரையோ? அதுக்குத்தான் ரெண்டு விரலை அகட்டி அளவு காட்டினவவோ! நான் ரெண்டு பழம் எண்டு நினைச்சன்."

ட்ராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

ஜூன் 5, வியாழன்

கிங்ஸ்டனுக்கு 'ஓம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா அழுதுவிட்டு, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்டார்.

நேற்றிலிருந்து ஒன்றை அப்பாவிடம் கேட்க நிற்கிறேன். மூன்று தரம் குசினி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால் இந்தத் தாளை வெட்டி எடுத்து, இரண்டு துளை போட்டு, அவருடைய ஓர்ட்னரில் கடைசியாகச் செருகப் போகிறேன். அவர் எந்தத் தாளையும் எறியமாட்டார்.

அப்பா, உங்கட பட்டியலில ஏழாவது: "என்ன கஷ்டம் வந்தாலும் பிள்ளைக்கு போன் எடுக்கிறேல்லை. பிள்ளை படிக்கட்டும்." மற்ற ஆறும் இருக்கட்டும். இதுக்கு மட்டும் அடிமட்டத்தை வைச்சு ஒரு கோடு போடுங்கோ. எனக்கு எடுங்கோ, அப்பா.