இடது செருப்பு

புனே, 14.1.2000

அன்புள்ள ரெஜினாவுக்கு, தோத்திரம். நீயும் பாப்பாவும் சுகந்தானே? எனக்கு இடது செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள். நேற்று நான்கு அடி நடந்து விழுந்தேன். "இன்னா மச்சான், தரைய மோந்து பாத்துகினு கீற?" என்று சிரித்தான் பக்கத்துக் கட்டில் வரதன். செங்கல்பட்டுக்காரன், என்னைப் போலவே கார்கிலில் அடிபட்டவன். காயம் ஒன்றுமில்லை, பயப்படாதே.

என்னை வரவேற்க ஸ்டேஷனுக்கு ஊரே மேளத்தோடு வரப்போவதாக எழுதியிருந்தாய். மேளம் வேண்டாம், சர்ச் படிக்கட்டில் ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல். மறுநாளும் நான் அந்த ஊரில்தானே நடக்க வேண்டும்?

பார்சலில் வலது செருப்பை மட்டும் அனுப்பியிருக்கிறாயே! செயற்கைக் காலுக்கும் செருப்பு வேண்டும், பைத்தியமே. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். இடதையும் உடனே அனுப்பு. நம் வாசலில் இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும்.

உன் தானியேல்